ஒரே கேள்விக்கு இரு விடைகள்

தரவுத்தளம் என்பது பதிவுகளை அட்டவணைகளாக அடுக்கி, அவற்றுக்கிடையிலான தொடர்புகளையும் சேர்த்துக் காக்கும் கணினித் தொகுப்பு. அத்தொகுப்பிலுள்ள இலட்சக்கணக்கான வரிகளில் ஒரு கேள்விக்கு வேண்டியவற்றை மட்டும் தேர்ந்து, கூட்டி, வகுத்து, அலுவலர் ஒருவர் படித்து முடிவெடுக்கத்தக்க பக்கமாக்கித் தருவது அறிக்கை. தரவுத்தளத்தின் கட்டமைப்புக்கு நீண்ட விதிமுறைகளை எழுதிவைக்கும் வழக்கம் பல பத்தாண்டுகளாக இருந்தாலும், அதிலிருந்து பிறக்கும் அறிக்கைகளுக்கு அத்தகைய விதிகள் இன்றும் பல அலுவலகங்களில் இல்லை. மக்கள் கண்ணில் படுவதோ அறிக்கை மட்டுமே. மருத்துவமனைப் படுக்கைகளின் ஒதுக்கீடும் பள்ளிகளை மூடும் ஆணையும் வெள்ள நிவாரண மையங்களின் எண்ணிக்கையும் அறிக்கையிலுள்ள எண்ணைப் பார்த்தே முடிவாகின்றன என்பதால், இந்தக் குறையைச் சிறியதென்று தள்ளிவிட முடியாது.

அறிக்கை தயாரிப்பது ஒரு காலத்தில் நிரலாளர்களின் தனித்தொழிலாக இருந்தது. 1970-இல் எட்கர் காட் என்னும் கணிதவியலர், தரவு கணினியில் எங்கே எப்படிச் சேமிக்கப்பட்டுள்ளது என்பதைப் பயனர் அறியத் தேவையில்லாத உறவுநிலை மாதிரியை முன்வைத்தார். அதன்மேல் எழுந்த எஸ்.க்யூ.எல். என்னும் வினவல் மொழி 1986-இல் அமெரிக்கத் தர நிர்ணயக் கழகத்தாலும் அடுத்த ஆண்டு பன்னாட்டுத் தர நிர்ணய அமைப்பாலும் ஏற்கப்பட்டது. வினவல் என்பது தரவுத்தளத்திடம் கேட்கப்படும் கேள்வியின் முறைப்படியான எழுத்து வடிவம். மொழி தரப்படுத்தப்பட்டதனால் கேள்வி கேட்பது எளிதாயிற்று. ஒரே துறையின் இரண்டு பிரிவுகள் ஒரே தரவுத்தளத்திடம் ஒரே கேள்வியைத் தனித்தனியே எழுதி, வெவ்வேறு விடைகளைப் பெற்று, இரண்டையும் ஒரே கூட்டத்தில் முன்வைக்கும் நிலையும் அதனுடன் வந்தது. இத்தகைய இடங்களில் கணினி பிழை செய்வதில்லை. கேள்வியிலுள்ள சொற்களுக்கு இரு பிரிவும் வெவ்வேறு பொருள் கொண்டிருக்கும், அந்தப் பொருளை இரு பிரிவும் எழுதிவைத்திருக்காது.

தீபகற்ப மலேசியாவின் தென்கோடி மாநிலமான ஜொகூர் இச்சிக்கலை ஆராய்வதற்கு மிகப் பொருத்தமான களம். 2008 முதலான ஆண்டுகளில் அம்மாநிலத்தின் வார விடுமுறை மாறியிருக்கிறது, மாவட்டங்கள் பிரிந்து பெயரும் மாறியிருக்கின்றன, காற்றின் தரத்தை அளக்கும் முறை மாறியிருக்கிறது, மக்கள்தொகை பற்றிய மதிப்பீடும் திருத்தப்பட்டிருக்கிறது. தரவுத்தளத்தின் வரிகள் இம்மாற்றங்களைத் தாமாக அறிவதில்லை.

வார விடுமுறையையே முதலில் எடுத்துக்கொள்ளலாம். 2014 ஜனவரி 1 முதல் ஜொகூரின் அரசு அலுவலகங்களுக்கு வெள்ளியும் சனியும் ஓய்வு நாள்களாயின. தனியார் நிறுவனங்கள் பல சனி, ஞாயிறு வழக்கத்தையே தொடர்ந்தன. பதினோர் ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரி 1 முதல், அரசு அலுவலகங்களும் சனி, ஞாயிறு விடுமுறைக்குத் திரும்பின. விண்ணப்பங்களுக்கு எத்தனை வேலைநாளில் தீர்வு காணப்பட்டது என்பது எந்த அரசு அலுவலகமும் மாதந்தோறும் எடுக்கும் அறிக்கை. 2024 டிசம்பர் 12, வியாழக்கிழமையன்று பெறப்பட்டு, ஒரு வேலைநாளில் முடிக்க வேண்டிய விண்ணப்பம் ஒன்று டிசம்பர் 15, ஞாயிறன்று முடிக்கப்பட்டதாகக் கொண்டால், ஜொகூரின் அன்றைய நாள்காட்டிப்படி அது உரிய காலத்தில் முடிந்தது. கோலாலம்பூரின் நாள்காட்டிப்படி வெள்ளிக்கிழமையே கெடு தீர்ந்துவிட்டதால் அது தாமதம். தலைநகரில் எழுதப்பட்ட ஒரே வினவல் எல்லா மாநிலங்களுக்கும் ஓட்டப்படுமானால், கடமையைச் சரியாகச் செய்த ஜொகூர் ஊழியர்கள் பதினோர் ஆண்டுகளும் தாமதக்காரர்களாகவே பட்டியலிடப்படுவர். 2025-க்குப் பின் விடுமுறை விதியை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய ஆண்டுகளுக்கும் அதே விதியை ஓட்டினால், முன்பு சரியாக இருந்த எண்களும் கெடும்.

இதற்கான தீர்வு நிரலாக்க நுணுக்கம் எதையும் வேண்டுவதில்லை. எந்த மாநிலத்தில், எந்தத் தேதியில், எது வேலைநாள் என்பதைத் தேதிவாரியாகச் சொல்லும் நாள்காட்டி அட்டவணை ஒன்று தரவுத்தளத்திலேயே இருக்க வேண்டும். எல்லா அறிக்கைகளும் அதை மட்டுமே நாட வேண்டும். எவரும் தம் வினவலுக்குள் சனி, ஞாயிறு என்று கைப்பட எழுதக்கூடாது. தைப்பூசம் ஜொகூரில் பொதுவிடுமுறை, எல்லா மாநிலங்களிலும் அப்படியன்று என்பது போன்ற வேறுபாடுகளையும் அதே அட்டவணை தாங்கிவிடும். அறிக்கை உருவாக்கத் தரங்களில் முதலாவதாக வைக்கத்தக்க விதி இதுவே: உலகத்தைப் பற்றிய உண்மை எதுவும் வினவலுக்குள் புதைந்திருக்கலாகாது, எவரும் பார்த்துத் திருத்தத்தக்க அட்டவணையில் வெளிப்படையாக இருக்க வேண்டும்.

மாவட்டங்களின் கதை இன்னும் சிக்கலானது. ஜொகூர் நெடுங்காலம் எட்டு மாவட்டங்களைக் கொண்டிருந்தது. 2008-இல் ஜொகூர் பாருவிலிருந்து கூலாய்ஜெயாவும் மூவாரிலிருந்து லேடாங்கும் தனி மாவட்டங்களாகப் பிரிந்து எண்ணிக்கை பத்தானது. பின்னர் கூலாய்ஜெயா கூலாய் என்றும், லேடாங் தங்காக் என்றும் பெயர் மாறின. மூவார் மாவட்டத்தின் டிங்கிக் காய்ச்சல் எண்ணிக்கையை இருபது ஆண்டுக்கு வரைபடமாக்கும் ஆய்வாளர் ஒருவர், 2008-க்குப் பின் கோடு திடீரெனச் சரிவதைக் கண்டு நோய்த்தடுப்பின் வெற்றியென்று மகிழக்கூடும். உண்மையில் சரிந்தது மாவட்டத்தின் பரப்பு. பெயரைக் கொண்டு தேடினால் லேடாங் ஒரு கட்டத்தில் மறைந்து, தங்காக் எங்கிருந்தோ முளைக்கும். ஆகவே பெயருக்குப் பதில் மாறாத குறியெண்ணை அடையாளமாகக் கொள்வதும், ஒவ்வொரு குறியெண்ணும் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை செல்லும் என்று பதிவதும், பிரிந்த மாவட்டத்தின் தாய் மாவட்டம் எது என்று சுட்டுவதும் தேவை. அறிக்கையின் விளக்கக் குறிப்பு, காட்டப்படும் எல்லை நிகழ்வு நடந்த காலத்தின் எல்லையா, இன்றைய எல்லையா என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும். இரண்டுமே நியாயமான தெரிவுகள். சொல்லாமல் விடுவதுதான் தவறு.

லேடாங் என்ற பெயரை அத்தனை எளிதில் மறந்துவிடவும் முடியாது. சுமத்ராவின் காட்டுத்தீயிலிருந்து எழுந்த புகைமூட்டம் 2013 ஜூனில் தென்மலேசியாவை மூடியபோது, ஜூன் 23 காலை 7 மணிக்கு மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746-ஐத் தொட்டது. 500-ஐத் தாண்டினால் நெருக்கடிநிலை என்பது விதி என்பதால், மூவார், லேடாங் ஆகிய இரு மாவட்டங்களிலும் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. அந்த நிகழ்வை இன்றைய மாவட்டப் பட்டியலோடு பொருத்தித் தேடும் கணினிக்கு லேடாங் என்று ஒன்று கிடைப்பதில்லை. மூவாரின் அந்த உச்சத்துக்கு இரண்டு நாள் முன்னர் சிங்கப்பூரின் குறியீடு 401 என்ற உச்சத்தை எட்டியிருந்தது. ஜொகூரிலிருந்து பாலம் கடந்து அன்றாடம் சிங்கப்பூருக்கு வேலைக்குச் சென்றுவரும் ஆயிரக்கணக்கானோர் இவ்விரு எண்களையும் ஒரே அளவுகோலின் இரண்டு புள்ளிகளாகவே படித்திருப்பர். ஆனால் சிங்கப்பூரின் 401 மூன்று மணி நேரச் சராசரியிலிருந்து பெறப்பட்டது. மலேசியக் குறியீடோ, பி.எம்.10 எனப்படும், 10 மைக்ரோமீட்டருக்கு மிகாத விட்டமுள்ள நுண்துகள்களின் இருபத்துநான்கு மணி நேர நகரும் சராசரியை ஆதாரமாகக் கொண்டது. குறுகிய நேரச் சராசரி விரைந்து ஏறி விரைந்து இறங்கும்; நீண்ட நேரச் சராசரி மெல்ல ஏறி, காற்று தெளிந்த பின்னும் உயர்ந்தே நிற்கும்.

அளவுகோலும் பிறகு மாறியது. 2.5 மைக்ரோமீட்டருக்கு மிகாத, நுரையீரலின் ஆழம்வரை செல்லவல்ல பி.எம்.2.5 துகள்களைச் சிங்கப்பூர் 2014 ஏப்ரலிலும் மலேசியா 2018 ஆகஸ்டிலும் தம் குறியீட்டுக் கணக்கில் சேர்த்தன. குறியீடு என்பது பல மாசுகளுக்கும் தனித்தனியே கணக்கிடப்படும் துணைக்குறியீடுகளில் எது மிக உயர்ந்ததோ அதுவே என்பதால், புதிய மாசு ஒன்று சேரும்போது எண் உயரலாம், தாழ வழியில்லை. 2013-இன் புகைமூட்டத்தையும் 2019-இன் புகைமூட்டத்தையும் ஒரே கோட்டில் வரையும் அறிக்கை, 2018-இல் ஒரு செங்குத்துக் கோடிட்டு, கணக்கு முறை இங்கு மாறியது என்று எழுதியாக வேண்டும். அவ்வாறு எழுதாத வரைபடம், எண்கள் ஒவ்வொன்றும் சரியாக இருந்தாலும், படிப்பவரைத் தவறான முடிவுக்கே கொண்டுசெல்லும்.

அறிக்கை எதை அளக்கவில்லை என்பதைச் சொல்வதும் ஆவணத்தின் கடமை. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டு, நச்சுவாயு பரவி, ஆயிரக்கணக்கானோர் மருத்துவ உதவி நாடியதும் 111 பள்ளிகள் மூடப்பட்டதும் மலேசியத் தொழிற்பேட்டைகளின் வரலாற்றில் மறக்க முடியாத நிகழ்வு. நுண்துகள்களையும் ஓசோன், கார்பன் மோனாக்சைடு, நைட்ரஜன் டையாக்சைடு, கந்தக டையாக்சைடு ஆகிய வாயுக்களையும் மட்டும் கொண்டு கட்டப்பட்ட குறியீடு, பென்சீன், அக்ரோலீன் போன்ற வாயுக்களைப் பற்றி எதுவும் சொல்ல வல்லது அன்று. குறியீடு மிதம் என்று காட்டும் பக்கத்தின் அடியில் இந்த எல்லை எழுதப்பட்டிருந்தால், அதைப் படிக்கும் பெற்றோர் எதை நம்பலாம், எதைத் தனியே கேட்டறிய வேண்டும் என்று தெளிவர்.

காற்றை அளக்கும் அளவி பழுதாகிவிட்டால் என்ன செய்வது என்பதும் இங்கேயே எழும் கேள்வி. தரவுத்தளத்தில் மதிப்பு இல்லை என்பதைக் குறிக்க நல் என்ற தனிக்குறி உண்டு. அது பூச்சியம் அன்று. நிலையம் ஒன்றில் இருபத்துநான்கு மணி நேரத்தில் ஆறு மணி நேரம் அளவி இயங்காமல், எஞ்சிய பதினெட்டு மணி நேரத்தின் நுண்துகள் சராசரி கனமீட்டருக்கு 120 மைக்ரோகிராம் என்றால், எஸ்.க்யூ.எல். மொழியின் சராசரிக் கட்டளை நல் வரிகளை ஒதுக்கிவிட்டு 120 என்றே விடை தரும். பக்கம் வெறிச்சோடித் தெரிவதை விரும்பாத ஒருவர் வெற்றிடங்களைப் பூச்சியமாக்கியிருந்தால், சராசரி 90-ஆக இறங்கிவிடும். ஒரே தரவு, ஒரே கட்டளை, இரண்டு காற்று. எத்தனை மணி நேர அளவீடாவது இருந்தால்தான் சராசரி செல்லும், குறைந்தால் பக்கத்தில் என்ன அச்சிட வேண்டும் என்பதை அறிக்கை எழுதப்படும் முன்பே முடிவுசெய்து பதிந்துவைப்பது இன்றியமையாதது.

மலேசியாவில் அறிக்கை ஆவணப்படுத்தலின் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு பெருந்தொற்றின் நடுவில் உருவானது. 2021 ஜூலையில் சுகாதார அமைச்சு கோவிட்-19 பற்றிய நாள்வாரி, மாநிலவாரித் தரவுகளைக் கிட்ஹப் தளத்தில் எவரும் இறக்கிக்கொள்ளும்படி வெளியிட்டது. எண்களோடு நின்றுவிடாமல், ஒவ்வொரு புலத்துக்கும், அதாவது அட்டவணையின் ஒவ்வொரு நெடுவரிசைக்கும், பொருள்விளக்கம் எழுதி இணைத்தது. ஒரு நாளின் தரவு என்றால் அன்று நண்பகல் 12 மணி வரை சரியானது என்று அங்கே தெளிவாகக் குறிக்கப்பட்டிருந்தது. மரணங்களுக்கு ஒன்றல்ல, பல புலங்கள் இருந்தன: பொதுமக்களுக்கு அறிவிக்கப்பட்ட நாளின்படி ஒரு கணக்கு, மரணம் நேர்ந்த நாளின்படி மற்றொரு கணக்கு, மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படும் முன்பே இறந்தோர் தனியே, மரணத்துக்கும் அறிவிப்புக்கும் இடைப்பட்ட நாள்களின் இடைநிலை மதிப்பும் தனியே.

இந்தப் பிரிப்பின் அருமை அவ்வாண்டு செப்டம்பரில் தெரிந்தது. செப்டம்பர் 11-ஆம் தேதி நாடு முழுவதும் 592 மரணங்கள் அறிவிக்கப்பட்டபோது, அவற்றுள் பெரும்பகுதி முந்தைய நாள்களில் நேர்ந்து, சரிபார்ப்புக்குப் பின் அன்று சேர்க்கப்பட்டவை. அறிவிப்பு நாளின் கோடு ஊசிமுனையாக எழுந்தது. மரண நாளின் கோடு அப்படி எழவில்லை. ஜொகூரில் நோய் தணிகிறதா என்று பார்க்க விரும்பிய ஆய்வாளருக்கு இரண்டாவது கோடே வேண்டும். அன்றைய அறிவிப்பில் என்ன சொல்லப்பட்டது என்று சரிபார்க்க விரும்பிய செய்தியாளருக்கு முதலாவது கோடே வேண்டும். மரண நாளின்படியான கணக்கு அண்மைய நாள்களுக்குப் பின்னோக்கித் திருத்தப்பட்டுக்கொண்டே இருக்கும் என்பதும் படிப்பவர் அறிய வேண்டியது. இல்லையேல் கடைசி ஒரு வாரத்தின் வீழ்ச்சியைத் தணிவென்று எவரும் மயங்குவர். அமைச்சு செய்த இந்தப் பணி, புலங்களுக்குப் பெயர் வைப்பது எழுத்தர் வேலையன்று, அறிவியல் வேலை என்பதைக் காட்டியது.

வீதங்களைக் கணக்கிடும்போது வகுக்கும் எண்ணும் அதே கவனத்தைக் கோருகிறது. ஜொகூரின் 2020-ஆம் ஆண்டு மக்கள்தொகை, முந்தைய கணக்கெடுப்பை ஆதாரமாகக் கொண்ட மதிப்பீட்டில் ஏறத்தாழ 37.8 இலட்சம், பின்னர் வெளியான 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் முடிவிலோ ஏறத்தாழ 40.1 இலட்சம். ஒரு இலட்சம் பேருக்கு இத்தனை நோயாளிகள் என்ற வீதம், நோயாளிகளின் எண்ணிக்கை ஒன்றுகூட மாறாமலேயே, இந்தத் திருத்தத்தால் ஏறக்குறைய ஆறு விழுக்காடு குறைந்துவிடும். தடுப்பூசியிலும் இதே வகைக் கேள்வி எழுந்தது: மாநிலக் கணக்கு என்பது அம்மாநிலத்தில் ஊசி போடப்பட்டோரா, அம்மாநிலத்தில் குடியிருப்போரா? சிங்கப்பூரில் வேலை செய்து அங்கேயே ஊசி போட்டுக்கொண்ட ஜொகூர்வாசி எந்த வரியில் எண்ணப்படுவார்? தொகுதிக்கு ஒரு வரையறையும் விகுதிக்கு வேறொரு வரையறையும் கொண்ட பின்னம், இரண்டு பகுதிகளும் தனித்தனியே சரியாக இருந்தாலும், பொருளற்றதே.

அட்டவணைகளை இணைக்கும்போது நேரும் பெருக்கமும் எண்ணைக் கெடுப்பதில் முதன்மையானது. நபர்களின் அட்டவணையை ஊசிகளின் அட்டவணையோடு இணைத்தால், மூன்று ஊசி போட்டுக்கொண்டவர் மூன்று வரியாக வருவார். வரிகளை எண்ணினால் ஊசிகள் கிடைக்கும், நபர்களை ஒருமுறை மட்டும் எண்ணினால் மக்கள் கிடைப்பர். எனவே ஒவ்வொரு அறிக்கையும் தன் ஒரு வரி எதைக் குறிக்கிறது, நபரையா, நிகழ்வையா, நாளையா என்பதை முதல் வாக்கியமாகவே அறிவிக்க வேண்டும். மலேசிய அடையாள அட்டையின் பன்னிரண்டு இலக்க எண்ணும் இத்தகைய பொறியை வைத்திருக்கிறது. அதன் ஏழாவது, எட்டாவது இலக்கங்களில் 01 என்றிருந்தால் பிறந்த இடம் ஜொகூர். அதைக் குடியிருக்கும் இடமாகக் கொண்டு எடுக்கப்படும் அறிக்கை, வேலைக்காகக் கிள்ளான் பள்ளத்தாக்குக்குப் பெயர்ந்த அத்தனை பேரையும் ஜொகூரிலேயே நிறுத்திவைக்கும். பிறந்த ஆண்டுக்கு இரண்டே இலக்கம் இருப்பதால் 24 என்பது 1924-ஆகவும் 2024-ஆகவும் இருக்கக்கூடும். எந்த விதிப்படி நூற்றாண்டு தீர்மானிக்கப்பட்டது என்று எழுதாத வயதுவாரி அறிக்கையில் நூறு வயது மூதாட்டியும் கைக்குழந்தையும் இடம் மாறிவிடலாம்.

இவ்வளவையும் காக்கும் தரம் எப்படி இருக்க வேண்டும் என்பதில் வல்லுநர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. நடைமுறைப்படுத்தும் பொறுமைதான் அரிது. கேட்பவர் என்ன முடிவெடுக்கப்போகிறார் என்பதும், ஒவ்வொரு புலத்தின் வரையறையும், விலக்கப்படும் பதிவுகளும் எழுதி ஒப்புக்கொள்ளப்பட்ட பின்னரே வினவல் எழுதப்பட வேண்டும். மலேசியப் பொதுத்துறையில் துறைகள் தாண்டி ஒரே புலத்துக்கு ஒரே பெயரும் வடிவமும் இருக்கும்பொருட்டுத் தரவு அகராதி ஒன்று உருவாக்கப்பட்டுள்ளது. அறிக்கைகள் அத்தகைய அகராதியின் பெயர்களையே ஆள வேண்டும், மேசைக்கு மேசை புதுப்பெயர் படைக்கலாகாது. தேதிகளை ஆண்டு, மாதம், நாள் என்ற ஐ.எஸ்.ஓ. 8601 வரிசையில் எழுதினால், 03/04 என்பது மார்ச்சா ஏப்ரலா என்ற ஐயம் எழாது. நேரத்தை மண்டலத்தோடு பதிவது மிகையான கவனம் என்று தோன்றலாம். ஆனால் தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1 அன்றுதான் பொதுநேரத்துக்கு ஏழரை மணி முன்னால் இருந்ததிலிருந்து எட்டு மணி முன்னுக்கு நகர்ந்தது என்பதால், ஜொகூர் ஆறுகளின் பழைய நீர்மட்டப் பதிவுகளைப் புதியவற்றோடு சேர்ப்பவருக்கு அந்த அரைமணி நேரம் உண்மையான இடர்.

வினவலின் ஒவ்வொரு பதிப்பும், யார், எப்போது, ஏன் மாற்றினார் என்ற குறிப்போடு, அழியாமல் சேமிக்கப்பட வேண்டும். வெளியீட்டுக்கு முன், வேறொருவர் வேறு வழியில் கணக்கிட்ட கூட்டுத்தொகையோடு வினவலின் விடை பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். இவை எல்லாவற்றையும்விட இன்றியமையாதது அச்சாகும் பக்கத்தின் அடிப்பகுதி. தனிக் கோப்பிலுள்ள ஆவணம் எத்தனை நேர்த்தியாக இருந்தாலும், பக்கம் மட்டும் வாட்சாப்பில் படமாகப் பரவும்போது அது உடன் செல்வதில்லை. ஆகவே தரவு எந்த நேரம் வரை சேர்ந்தது, வரையறையின் பதிப்பெண் என்ன, எந்த மக்கள்தொகையால் வகுக்கப்பட்டது, எது விடுபட்டுள்ளது, யாரிடம் கேட்கலாம் என்பன எண்ணுக்கு அருகிலேயே, அதே படத்துக்குள் அடங்குமாறு அச்சிடப்பட வேண்டும்.

வரையறையை மாற்றியே ஆக வேண்டிய காலமும் வரும். மாவட்டங்கள் மீண்டும் பிரியும், குறியீட்டில் புதிய மாசு சேரும், புதிய கணக்கெடுப்பு வெளியாகும். அப்போது பழைய வரையறையின்படியும் புதிய வரையறையின்படியும் எண்ணை ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு அருகருகே வெளியிடுவதே நேர்மையான முறை. வேறுபாட்டின் அளவு எவ்வளவு என்று படிப்பவரே கண்டுகொள்வார், பழைய வரிசையைப் புதிய அளவுக்கு மாற்ற வேண்டிய ஆய்வாளருக்கும் அந்த இணைக்காலம் ஒன்றே பிடிமானம். முன்பு வெளியான அறிக்கையில் பிழை கண்டால் அதை அமைதியாக நீக்கிப் புதியதை வைப்பதைவிட, பழையதைத் திருத்தப்பட்டது என்ற குறியோடு அதே இடத்தில் நிறுத்தி, எந்த நாளில், எந்தக் காரணத்தால், எந்த எண் மாறியது என்று உடன் எழுதுவதே, அந்தப் பழைய எண்ணை நம்பி ஏற்கெனவே முடிவெடுத்துவிட்ட மருத்துவருக்கும் ஆசிரியருக்கும் அலுவலருக்கும் தம் முடிவை மறுபரிசீலனை செய்ய வழிவிடும்.